மார்பகப் புற்றுநோய் செல்களின் ஒட்டுதலில் ஹெப்பாரினின் விளைவை ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி

96 குழிகள் கொண்ட தட்டில், செல்கள் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பூசி, அதன்மேல் மார்பகப் புற்றுநோய் செல்களை விட்டு, பாதிக் குழிகளில் இரத்த உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி எண்ணிப் பார்ப்பது ஒரே நாளில் முடிந்துவிடக்கூடிய சோதனை. ஒட்டிய செல்கள் குறைந்திருந்தால், ஹெப்பாரின் ஒட்டுதலைத் தடுக்கிறது என்று எழுதிவிடுவதும் எளிது. ஆனால் ஹெப்பாரின் செல்லின் மேற்பரப்பில் வேலை செய்ததா, தட்டில் பூசிய புரதத்தை மறைத்ததா, ஊடகத்தில் இருந்த கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதா, செல்களைத் திரளச் செய்ததா என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்த எண் விடை தராது. விடை கிடைக்க வேண்டுமானால் சோதனையை அமைக்கும்போதே அதற்கான இடம் விட்டிருக்க வேண்டும். செல் வளர்ப்பில் ஓரளவு பழக்கமுள்ள முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

ஹெப்பாரின் எங்கெங்கே பற்றும்

ஹெப்பாரினின் வரலாற்றை, 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹோவெலின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் கண்ட பொருளிலிருந்து தொடங்கிச் சொல்வது வழக்கம். இரத்த உறைதலைத் தடுக்கும் மருந்தாகவே அது உலகெங்கும் அறியப்பட்டிருக்கிறது. ஒட்டுதல் சோதனையைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது அதன் வேதியியல். யூரோனிக் அமிலமும் குளுக்கோசமைனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சர்க்கரைச் சங்கிலி அது. ஒவ்வோர் இரட்டைச் சர்க்கரை அலகிலும் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட சல்பேட் தொகுதிகள் உண்டு. உடலில் காணப்படும் பெருமூலக்கூறுகளில் இவ்வளவு செறிவான எதிர்மின்னூட்டம் வேறெதிலும் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே, லைசின், ஆர்ஜினின் போன்ற நேர்மின்னூட்ட அமினோ அமிலங்கள் நெருங்கி அமைந்த புரதம் எதுவாயினும் ஹெப்பாரின் அதைப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

செல்கள் ஒட்டும் பரப்புகளில் அத்தகைய புரதங்களுக்குக் குறைவில்லை. ஃபைப்ரோனெக்டினில் ஹெப்பாரினைப் பிணைக்கும் பகுதிகள் இரண்டு உண்டு. வைட்ரோனெக்டின், லேமினின், முதல் வகைக் கொலாஜன் ஆகியவற்றிலும் அத்தகைய பகுதிகள் உள்ளன. மறுபுறம், மார்பகப் புற்றுநோய் செல்லின் மேற்பரப்பில் சின்டிகேன் போன்ற புரதங்களில் தொங்கும் ஹெப்பரான் சல்பேட் சங்கிலிகள் இருக்கின்றன. இவை ஹெப்பாரினுக்கு நெருங்கிய உறவு; செல் இயல்பாக ஃபைப்ரோனெக்டினைப் பற்றும்போது இன்டெக்ரின்கள் என்ற ஒட்டும் ஏற்பிகளோடு சேர்ந்து இந்தச் சங்கிலிகளும் கை கொடுக்கின்றன. வெளியிலிருந்து சேர்க்கும் ஹெப்பாரின், செல்லின் சொந்தச் சங்கிலி பிடிக்க வேண்டிய இடத்தை முன்னரே பிடித்துவிட முடியும். இதுவே முதலில் எதிர்பார்க்க வேண்டிய வழி.

வழிகள் இதோடு தீரவில்லை. ஓடும் இரத்தத்தில் செல்களைப் பிடிக்கும் செலக்டின் புரதங்களில் பி-செலக்டினையும் எல்-செலக்டினையும் ஹெப்பாரின் தடுக்கிறது, ஈ-செலக்டினைத் தடுப்பதில்லை. லூபோர் போர்சிக், அஜித் வர்க்கி முதலியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, இரத்தத்தில் அலையும் புற்றுநோய் செல்களை பிளேட்லெட்டுகள் போர்த்திக்கொள்வதை ஹெப்பாரின் குறைப்பதற்கும் எலிகளில் புற்றுப் பரவல் குறைவதற்கும் உள்ள தொடர்பை பி-செலக்டின் வழியாக விளக்கியது. மார்பகப் புற்றுநோய் செல்களைத் தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு ஈர்க்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற கீமோகைனையும் ஹெப்பாரின் பிணைக்கிறது. ஹெப்பரான் சல்பேட்டை வெட்டும் ஹெப்பரனேஸ் நொதியையும் தடுக்கிறது. இத்தனை வழிகளையும் ஒரே தட்டில் சோதிக்க முடியாது. எதைச் சோதிக்கப் போகிறோம் என்பதை முதல் நாளே குறிப்பேட்டில் ஒரே வாக்கியமாக எழுதி வைப்பது நல்லது.

செல்களைத் தேர்ந்தெடுத்தல்

எம்.டி.ஏ-எம்.பி-231, எம்.சி.எஃப்-7 ஆகிய இரண்டு மார்பகப் புற்றுநோய் செல் வரிசைகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நியாயமான தொடக்கம். இரண்டும் நோயாளிகளின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து பெறப்பட்டவை என்றாலும் குணம் முற்றிலும் வேறு. முன்னது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 மூன்றும் இல்லாத, ஊடுருவும் தன்மை மிகுந்த வகை. தட்டில் தனித்தனியாக, நீண்ட வடிவில் பரவும். பின்னது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளது. ஒன்றோடொன்று இறுகப் பிடித்துத் தீவுகளாக வளரும். பி-செலக்டின் பற்றும் இலக்காகக் கருதப்படும் சி.டி.24 என்ற மூலக்கூறு எம்.சி.எஃப்-7 செல்களில் மிகுதியாகவும், எம்.டி.ஏ-எம்.பி-231 செல்களில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. எனவே ஹெப்பாரினுக்கு இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. ஒன்றில் கண்டதை மார்பகப் புற்றுநோய் முழுவதற்கும் பொதுவாக்கி எழுதுவதற்கும் இடமில்லை.

இந்தியாவில் பெரும்பாலான ஆய்வகங்கள் இவற்றைப் புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து பெறுகின்றன. பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒரு குப்பி வாங்கி வளர்ப்பது விரைவான வழிதான். அப்படிச் செய்தால் டி.என்.ஏ. அடையாளச் சோதனையும் மைக்கோபிளாஸ்மா சோதனையும் கட்டாயம். பல ஆண்டுகள் மார்பகப் புற்றுநோய் என்றே நம்பிப் பயன்படுத்தப்பட்ட எம்.டி.ஏ-எம்.பி-435 செல்கள் எம்14 என்ற மெலனோமா வரிசையைச் சேர்ந்தவை என்பது பின்னர் தெரியவந்தது. பழைய ஒட்டுதல் ஆய்வுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஊடகத்தைப் பற்றியும் ஒரு சொல். எம்.டி.ஏ-எம்.பி-231 செல்களுக்குச் சேமிப்பு நிலையங்கள் பரிந்துரைக்கும் லீபோவிட்ஸ் எல்-15 ஊடகம் கார்பன் டைஆக்சைடு இல்லாத சூழலுக்கானது. அதை 5 சதவீதக் கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டரில் வைத்தால் அமிலத்தன்மை கூடி, ஒட்டுதலே மாறிவிடும். பல ஆய்வகங்களில் டி.எம்.இ.எம். ஊடகத்தில் வளர்க்கிறார்கள், அது போதும். எதுவானாலும் சோதனைத் தொடர் முடியும்வரை மாற்றக்கூடாது.

எந்த ஹெப்பாரின், எவ்வளவு

மருந்தகத்தில் கிடைக்கும் ஊசி மருந்துக் குப்பியை அப்படியே பயன்படுத்தும் ஆசை எழும், விலையும் குறைவு. ஆனால் பல முறை எடுக்கும் குப்பிகளில் பென்சைல் ஆல்கஹால் அல்லது பாரபென் போன்ற பதப்பொருள் கலந்திருக்கும்; அதிக அளவு ஹெப்பாரின் சேர்க்கும் குழிகளுக்கு அந்தப் பதப்பொருளும் அதிகமாகப் போகும். செல் சவ்வைத் தொந்தரவு செய்யக்கூடிய பொருளை உள்ளே விட்டுவிட்டு, விளைவை ஹெப்பாரினின் கணக்கில் எழுதுவது தகாது. பதப்பொருள் இல்லாத தூளாக, பன்றிக் குடலின் சளிச்சவ்விலிருந்து எடுத்த ஹெப்பாரின் சோடியத்தை, தொகுதி எண்ணும் ஒரு மில்லிகிராமுக்கான அலகும் குறிக்கப்பட்ட புட்டியாக வாங்குவதே சரி. தூய்மையில் அலட்சியம் கூடாது: 2008-இல் மருந்து ஹெப்பாரினிலேயே மிகைச் சல்பேட்டேற்றிய காண்ட்ராய்ட்டின் சல்பேட் கலந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. அத்தகைய கலப்புப் பொருளும் எதிர்மின்னூட்டம் மிகுந்ததே என்பதால் ஒட்டுதல் சோதனையில் ஹெப்பாரின்போலவே நடித்துவிடும்.

அளவைக் குறிப்பதில் இரு மொழிகள் புழங்குகின்றன. மருத்துவர்கள் அலகில் பேசுவார்கள். வேதியியலார் மைக்ரோகிராமில் பேசுவார்கள். ஒரு மில்லிகிராமுக்கு 180 அலகு என்று வைத்துக்கொண்டால், மில்லிலிட்டருக்கு 1 அலகு என்பது ஏறத்தாழ 5.5 மைக்ரோகிராம், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது 18 அலகு. இரத்த உறைவுக்குச் சிகிச்சை பெறும் நோயாளியின் பிளாஸ்மாவில் இலக்காக வைக்கப்படுவது மில்லிலிட்டருக்கு 0.3 முதல் 0.7 அலகுதான். ஆகவே 0.1, 0.3, 1, 3, 10, 30 அலகு என்று மூன்று மூன்று மடங்காகக் கூட்டிச் செல்லும் வரிசையை அமைத்தால், மருத்துவத்தில் நிகழக்கூடிய அளவும் வேதியியல் விளைவு தெளியும் அளவும் ஒரே வரைபடத்தில் வரும். 30 அலகில் மட்டும் விளைவு கண்டுவிட்டு, நோயாளிகளுக்குப் பயன்படும் என்று முடிவுரையில் எழுதும் கட்டுரைகளை நம்பிக்கையோடு படிக்க முடிவதில்லை.

உச்ச அளவுக்கு ஓர் எல்லை வைக்கக் காரணம் உண்டு. ஹெப்பாரினின் ஓர் இரட்டைச் சர்க்கரை அலகின் எடை சுமார் 600 டால்டன். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஹெப்பாரின் என்றால் அந்த அலகுகளின் செறிவு 0.17 மில்லிமோலார். டி.எம்.இ.எம். ஊடகத்தில் கால்சியம் 1.8 மில்லிமோலார் இருக்கிறது. அலகுக்கு ஒரு கால்சியம் பிடித்தாலும் பத்தில் ஒரு பங்கே போகும். இன்டெக்ரின்கள் அதைப் பொருட்படுத்தா. ஆனால் சிலர் செய்வதுபோல மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமும் 2 மில்லிகிராமும் சேர்த்தால், கணக்கு ஊடகத்திலுள்ள கால்சியம் முழுவதையும் எட்டிவிடுகிறது. அந்த நிலையில் காண்பது கால்சியம் இழப்பின் விளைவா என்ற சந்தேகத்தை நீக்க, கூடுதல் கால்சியம் சேர்த்த குழிகள் வேண்டியிருக்கும். அதைவிட அந்த அளவுகளைத் தவிர்ப்பதே மேல்.

ஒப்பீட்டுப் பொருள்கள் இல்லாமல் தட்டைத் தொடங்கக்கூடாது. காண்ட்ராய்ட்டின் சல்பேட் மின்னூட்டமுள்ள, ஆனால் வேறு வகைச் சங்கிலி. சல்பேட் நீக்கிய ஹெப்பாரினில் சங்கிலி அதே, மின்னூட்டம் குறைவு. ஹயலுரோனிக் அமிலத்தில் சல்பேட் அறவே இல்லை. ஆனால் செல்லின் சி.டி.44 ஏற்பி அதைப் பிடிக்கும் என்பதால் எம்.டி.ஏ-எம்.பி-231 செல்களில் எச்சரிக்கை வேண்டும். சங்கிலி நீளம் பற்றிய கேள்விக்கு, சராசரியாக 15,000 டால்டன் உள்ள சாதாரண ஹெப்பாரினோடு 4,500 டால்டன் அளவுள்ள எனாக்சபரினையும், ஐந்தே சர்க்கரைகள் கொண்ட, 1,728 டால்டன் எடையுள்ள ஃபோண்டபரினக்ஸையும் வைக்கலாம். ஃபோண்டபரினக்ஸ் இரத்த உறைதலைத் தடுக்கும். பி-செலக்டினை மருத்துவ அளவுகளில் தடுப்பதில்லை. உறைதல் வழியையும் ஒட்டுதல் வழியையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய கருவி கிடைக்காது.

தட்டைப் பூசுதலும் செல்களைப் பிரித்தெடுத்தலும்

முதல் நாள் மாலை தட்டைப் பூசிவிட வேண்டும். ஃபைப்ரோனெக்டினை, கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று கலந்து, குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டு, 4 டிகிரியில் இரவு முழுவதும் வைக்கலாம். கொலாஜனை 20 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தில் கரைத்துப் பூசி, பிறகு அமிலம் போகும்வரை நன்றாகக் கழுவ வேண்டும். மாட்ரிஜெல் போன்ற அடிச்சவ்வுச் சாற்றை இந்தக் கேள்விக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; அதிலேயே ஹெப்பரான் சல்பேட் தாங்கிய பெர்லிகன் இருப்பதால், சேர்த்த ஹெப்பாரின் எதனோடு போட்டியிட்டது என்று சொல்ல முடியாமல் போகும். மறுநாள் காலை கழுவிவிட்டு, வெற்றிடங்களை மூட 1 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரம் ஆல்புமின்) கரைசலை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அந்த பி.எஸ்.ஏ. கரைசலை முன்னதாக 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கிக் கொள்வது நல்ல பழக்கம்; சூடாக்காததன் மேல் செல்கள் சில சமயம் பிடித்துக்கொள்ளும்.

செல்களைக் குடுவையிலிருந்து எடுப்பதில்தான் பல சோதனைகள் ஆரம்பத்திலேயே கெட்டுவிடுகின்றன. புரதங்களை வெட்டும் ட்ரிப்சின் நொதி, செல்லைத் தட்டிலிருந்து விடுவிக்கும்போது சின்டிகேன்களையும் சி.டி.44-ஐயும் வெட்டிவிடுகிறது. ஹெப்பாரின் எந்த மூலக்கூறுகளோடு போட்டியிடும் என்று சோதிக்க வந்தோமோ அவற்றையே அறுத்துப் போட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்குவது முறையன்று. எனவே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.-வின் 2 முதல் 5 மில்லிமோலார் கரைசலில் 37 டிகிரியில் வைத்து, குடுவையின் பக்கவாட்டில் மெல்லத் தட்டிச் செல்களை விடுவிப்பதே நல்லது. எம்.டி.ஏ-எம்.பி-231 செல்கள் சில நிமிடங்களில் வந்துவிடும், எம்.சி.எஃப்-7 செல்கள் நேரம் எடுக்கும், வரும்போதும் திரள்களாக வரும். திரள் ஒன்று ஒட்டினால் ஐம்பது செல்கள் ஒட்டியதாகக் கணக்கு வரும் என்பதால், 40 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியாகச் செலுத்தித் தனிச் செல்களாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் இரு முறை கழுவி, சீரம் இல்லாத, 0.1 சதவீத பி.எஸ்.ஏ. கலந்த ஊடகத்தில் விட்டு, 37 டிகிரியில் அரை மணி நேரம் மெல்லச் சுழலவிட்டு மீளச் செய்ய வேண்டும். ஊடகத்தில் சீரம் இருக்கவே கூடாது: சீரத்திலுள்ள வைட்ரோனெக்டினும் ஃபைப்ரோனெக்டினும் தட்டிலும் படியும், ஹெப்பாரினையும் பிடிக்கும். இறுதியில் இறந்த செல்களில் மட்டும் ஏறும் ட்ரிப்பன் புளூ சாயம் கொண்டு எண்ணி, உயிருள்ளவை 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அன்றைய சோதனையை விட்டுவிடுவது உத்தமம்.

மில்லிலிட்டருக்கு எட்டு லட்சம் செல்கள் என்று தயாரித்துக்கொண்டு, குழிக்கு 50 மைக்ரோலிட்டர் செல்களும் இரு மடங்குச் செறிவுள்ள ஹெப்பாரின் 50 மைக்ரோலிட்டரும் சேர்த்தால், குழிக்கு நாற்பதாயிரம் செல்கள் சரியான செறிவில் அமையும். ஒரு தட்டுக்கு மூன்று அல்லது நான்கு மில்லியன் செல்கள் போதும். முக்கால் பங்கு நிரம்பிய ஒரு டி-75 குடுவையில் அவ்வளவு கிடைத்துவிடும்.

யார்மேல் வேலை செய்கிறது: நான்கு ஏற்பாடுகள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு ஹெப்பாரினை நான்கு விதமாகத் தர வேண்டும். முதல் ஏற்பாட்டில் ஹெப்பாரின் சோதனை நேரம் முழுவதும் செல்களோடு குழியில் இருக்கும். இரண்டாவதில் செல்களை மட்டும் இருபது நிமிடம் ஹெப்பாரினில் ஊறவைத்து, கழுவி, ஹெப்பாரின் இல்லாத குழியில் விட வேண்டும். மூன்றாவதில் பூசிய குழியை மட்டும் ஹெப்பாரினில் ஊறவைத்து, கழுவி, அதன்மேல் சாதாரணச் செல்களை விட வேண்டும். நான்காவதில் செல்கள் ஒரு மணி நேரம் ஒட்டி முடித்த பிறகு ஹெப்பாரினைச் சேர்த்து, மேலும் அரை மணி நேரம் பொறுத்துக் கழுவ வேண்டும்.

மூன்றாவதில் ஒட்டுதல் குறைந்து இரண்டாவதில் குறையாவிட்டால், ஹெப்பாரின் பரப்பிலுள்ள புரதத்தை மறைக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாவதிலும் குறைந்தால் செல்லின் மேற்பரப்பில் ஏதோ ஒன்றைப் பற்றியிருக்கிறது. அது இன்டெக்ரினா, கீமோகைனா என்பது அடுத்த கேள்வி. முதலாவதில் மட்டும் குறைந்தால், பற்றுதல் வலுவற்றதாகவும் கழுவினால் போய்விடுவதாகவும் இருக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் விளைவு காட்டாததை வைத்து அந்த வழிகள் இல்லை என்று சாதித்துவிட முடியாது. நான்காவதில் செல்கள் கழன்றால் அது கவனத்துக்குரிய செய்தி. தொடக்கப் பிடிப்பை மட்டுமன்றி நிலைத்த பிடிப்பையும் ஹெப்பாரின் தளர்த்துகிறது என்று பொருள். மூன்றாவது ஏற்பாட்டில் சில சமயம் ஒட்டுதல் கூடியும் வரும். பரப்பில் படிந்த ஹெப்பாரினைச் செல்லின் ஏற்பிகளே பிடித்துக்கொள்வதும், ஹெப்பாரின் பற்றியதால் ஃபைப்ரோனெக்டின் மடிப்பு விரிவதும் இதற்குக் காரணங்களாகலாம். கூடியது என்பதற்காக அந்தக் குழிகளை ஒதுக்கிவிடக்கூடாது.

ஃபைப்ரோனெக்டினைத் துண்டுகளாக வாங்கிப் பூசினால் படம் இன்னும் தெளியும். 120 கிலோடால்டன் துண்டில் இன்டெக்ரின்கள் பிடிக்கும் ஆர்.ஜி.டி. இடம் உண்டு, முக்கியமான ஹெப்பாரின் பிணைப்புப் பகுதி இல்லை. 40 கிலோடால்டன் துண்டில் அந்தப் பிணைப்புப் பகுதி உண்டு, ஆர்.ஜி.டி. இல்லை. போட்டி என்ற விளக்கம் சரியானால், ஹெப்பாரின் பின்னதில் ஒட்டுதலை வெகுவாகக் குறைத்து, முன்னதை ஏறக்குறைய அப்படியே விட வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் விளக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். செல்லின் சொந்தச் சங்கிலிகளை ஹெப்பரினேஸ் நொதிகளால் வெட்டிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்வது இன்னொரு வழி. வெட்டிய செல்களில் ஹெப்பாரின் மேற்கொண்டு எந்த விளைவையும் தராவிட்டால் வாதம் வலுப்பெறும். நொதி உண்மையில் வெட்டியதா என்பதை, வெட்டிய அடித்துண்டை அடையாளம் காணும் 3ஜி10 எதிர்ப்பொருளால் சரிபார்க்க வேண்டும்.

ஒவ்வொரு தட்டிலும் நிரந்தரமாக இருக்க வேண்டியவை: பி.எஸ்.ஏ. மட்டும் பூசிய குழிகள், 5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழிகள், பீட்டா1 இன்டெக்ரினைத் தடுக்கும் எதிர்ப்பொருள் சேர்த்த குழிகள், கழுவாமல் முழுச் செல்களையும் நிலைப்படுத்திய குழிகள். பாலிலைசின் பூசிய குழிகளையும் சிலர் வைப்பார்கள். அங்கே ஹெப்பாரின் நேரடியாகவே பாலிலைசினை மூடிவிடும் என்பதால், அதில் குறைவு கண்டால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கழுவுதலும் சாயமேற்றுதலும்

ஒட்டுதல் சோதனையில் மிகப் பெரிய பிழை கழுவும் கையிலிருந்து வருகிறது. கால்சியமும் மக்னீசியமும் உள்ள பி.பி.எஸ். கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டு, பல்முனைப் பிப்பெட்டின் நுனியைக் குழியின் சுவரில் சாய்த்து வைத்து, திரவம் சுவர் வழியே இறங்கும்படி விட வேண்டும்; நேராகச் செல்கள்மேல் பாய்ச்சினால் நடுவில் ஒரு வட்டம் வெறுமையாகிவிடும். பிறகு தட்டைக் கவிழ்த்து, உறிஞ்சுதாள்மேல் மெல்லத் தட்டி வடிக்கலாம். மூன்று முறை கழுவுவது என்று வைத்துக்கொண்டால் எல்லாத் தட்டுகளுக்கும் மூன்று முறை, அதுவும் ஒரே ஆள். எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று கழுவுபவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஓரக் குழிகளில் நீர் ஆவியாவது அதிகம், அவற்றில் பி.பி.எஸ். மட்டும் நிரப்பி விட்டுவிடலாம்.

நிலைப்படுத்த 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு பதினைந்து நிமிடம், சாயமேற்ற 0.1 சதவீதக் கிரிஸ்டல் வயலட் இருபது நிமிடம், பிறகு நீரில் கழுவி உலர்த்தி, 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் சாயத்தைக் கரைத்து 590 நானோமீட்டரில் உட்கவர்தலை அளப்பது மலிவான, நம்பகமான முறை. ஆனால் இங்கே ஹெப்பாரினுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கிரிஸ்டல் வயலட் நேர்மின்னூட்டமுள்ள சாயம். பரப்பில் தங்கிய ஹெப்பாரின் அதைப் பிடித்துக்கொண்டு, செல்லே இல்லாத குழியிலும் ஊதா நிறம் காட்டக்கூடும். ஆகவே ஒவ்வொரு ஹெப்பாரின் அளவுக்கும் செல் இல்லாத குழிகளைத் தனியே வைத்து, அந்தந்த அளவின் வெற்று மதிப்பை அந்தந்த அளவிலிருந்தே கழிக்க வேண்டும். ஹெப்பாரின் இல்லாத ஒரே வெற்றுக் குழியை எல்லாவற்றிலிருந்தும் கழிப்பது போதாது. கால்சீன் ஏ.எம். கொண்டு செல்களை முன்னரே ஒளிரச் செய்து அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. எம்.டி.டி. முறையை நான் விரும்புவதில்லை. அது செல்லின் வளர்சிதை மாற்றத்தை அளக்கிறது, எண்ணிக்கையை அன்று.

எண்ணிக்கைக்கு அப்பால்: பரவல்

அளவியில் வைப்பதற்கு முன் தட்டை நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும். முழு ஃபைப்ரோனெக்டினில் ஆர்.ஜி.டி. இடம் திறந்திருப்பதால், ஹெப்பாரின் இருந்தாலும் இன்டெக்ரின்கள் செல்லைப் பிடித்துவிடும். ஒட்டிய எண்ணிக்கை சிறிதே குறையும். ஆனால் சின்டிகேன்-4 வழியாக வர வேண்டிய குறிப்பு தடைபடுவதால் செல் முழுதாகப் பரவுவதும், அது பரப்பை இறுகப் பிடிக்கும் புள்ளிகளான குவியப் பிடிப்புகள் அமைவதும் தாமதப்படலாம். ஃபேஸ் கான்ட்ராஸ்டில் பார்க்கையில், ஒரு மணி நேரம் ஆன எம்.டி.ஏ-எம்.பி-231 செல் ஹெப்பாரின் இல்லாத குழியில் சாம்பல் நிறத்தில் தட்டையாகி, ஓரத்தில் மெல்லிய பாவாடை விரித்ததுபோல் இருக்கும்; பரவாத செல் உருண்டையாக, சுற்றிலும் வெண்ணிற ஒளிவட்டத்தோடு மின்னும். சாயம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். எனவே குழிக்குச் சில புலங்களைப் படமெடுத்து, செல்லின் பரப்பளவை இமேஜ்ஜே மென்பொருளில் அளப்பது வேலை கூடினாலும் விட முடியாதது. ஃபலாய்டினால் ஆக்டினையும், எதிர்ப்பொருளால் வின்குலினையும் சாயமேற்றினால் குவியப் பிடிப்புகளையே எண்ணலாம். 30, 60, 90 நிமிடங்கள் என மூன்று நேரங்களில் பார்த்தால் தடையா, தாமதமா என்பது தெரிந்துவிடும்.

செலக்டின்களைச் சோதிப்பதானால்

அசையாத தட்டு செலக்டின்களுக்கு உகந்ததன்று. அவை ஓடும் இரத்தத்தில் செல்லைப் பிடித்து உருட்டுவதற்கு அமைந்த மூலக்கூறுகள். பி-செலக்டின் பூசிய, அல்லது பிளேட்லெட்டுகள் படிந்த பரப்பின் மேல், இணைதட்டு ஓட்டக் கலனில், சதுர சென்டிமீட்டருக்கு 1 டைன் அளவில் சுவர்மேல் உராயும் விசை இருக்கும்படி செல்களை ஓடவிட்டுப் படமெடுக்க வேண்டும். இங்கே மில்லிலிட்டருக்கு ஓர் அலகுக்கும் குறைவான ஹெப்பாரினின் விளைவையும் தேட வேண்டும். மருத்துவ அளவோடு இந்த விளைவைப் பொருத்திப் பார்க்க முடிவதே செலக்டின் வழியின் தனிச் சிறப்பு.

இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களை, குறிப்பாகத் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்தவற்றை, ஒட்டும் பரப்பாக வைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்தச் செல்களுக்கான பெரும்பாலான வளர்ப்பு ஊடகங்களில் வளர்ச்சிக் காரணிகளோடு ஹெப்பாரினும் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதை நீக்கிப் பலமுறை கழுவாமல் தொடங்கினால் ஹெப்பாரின் இல்லாத குழி என்று எதையும் சொல்ல முடியாது. இரண்டாவது, டி.என்.எஃப்-ஆல்ஃபாவை மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வீதம் சில மணி நேரம் கொடுத்தால் மனிதச் செல்களில் ஈ-செலக்டினும் வி.கேம்-1 மூலக்கூறும் எழும். பி-செலக்டின் அவ்விதம் எழாது. அது செல்லுக்குள் வைபெல்-பலாடே துகள்களில் தயாராக இருப்பது. ஹிஸ்டமின் அல்லது த்ராம்பின் கொடுத்த சில நிமிடங்களில் மேலே வந்து, விரைவில் மீண்டும் உள்ளே போய்விடும். ஹெப்பாரின் ஈ-செலக்டினைத் தடுப்பதில்லை என்பதால், டி.என்.எஃப்-ஆல்ஃபா கொடுத்துவிட்டு விளைவு இல்லை என்று எழுதுவது பயனற்றது. த்ராம்பினைத் தேர்ந்தெடுப்பதும் இங்கே ஆகாது. ஆன்டித்ராம்பின் இருக்கும் சூழலில் ஹெப்பாரின் அந்த த்ராம்பினையே முடக்கிவிடும். ஆகவே ஹிஸ்டமின்தான்.

கணக்கிடுதலும் எழுதுதலும்

ஒரே தட்டில் உள்ள மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகா. வேறு வேறு நாளில், வேறு வேறு தலைமுறைச் செல்களோடு, புதிதாகப் பூசிய தட்டில் செய்யப்பட்டவையே தனிச் சோதனைகள். குறைந்தது மூன்று அப்படி வேண்டும். ஒவ்வொரு நாளின் மதிப்பையும் அன்றைய கழுவாத குழியின் சதவீதமாக்கி, நாள் என்பதை ஒரு காரணியாகவே புள்ளியியல் பகுப்பாய்வில் சேர்க்க வேண்டும். எல்லா நாளின் ஹெப்பாரின் இல்லாத குழியையும் 100 என்று வைத்துவிட்டால் அந்தக் குழிகளின் ஏற்ற இறக்கம் மறைந்துபோகும்; வேறுபாடு இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

ஹெப்பாரினின் மூலம், தொகுதி எண், மில்லிகிராமுக்கான அலகு, செல்களைப் பிரித்த முறை, சீரம் இருந்ததா என்பது, கழுவிய எண்ணிக்கை ஆகியவை செய்முறைப் பகுதியில் கட்டாயம் இடம்பெற வேண்டும். முடிவுரையில் நோயாளிகளைப் பற்றிப் பேசும்போது நிதானம் தேவை. ஆய்வகத் தட்டில் கண்டதும் மனித உடலில் நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை: நுரையீரல் புற்றுநோயில் டால்டெபரின் என்ற சிறு மூலக்கூறு எடை ஹெப்பாரினைச் சேர்த்துப் பார்த்த ஃபிராக்மாட்டிக் என்ற பெரிய மருத்துவ ஆய்வில் நோயாளிகளின் ஆயுள் நீடிக்கவில்லை. இரத்த உறைவு உள்ள புற்றுநோயாளிக்கு ஹெப்பாரின் தருவதற்கு வேறு உறுதியான காரணங்கள் உள்ளன. புற்றைக் கட்டுப்படுத்துவதற்காகவே அதைத் தருவது வழக்கத்தில் இல்லை.

ஒட்டிய செல்களிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து மரபணு வெளிப்பாட்டையும் பார்க்கத் திட்டமிருந்தால், கழுவும் கட்டத்திலேயே கூடுதல் கவனம் வேண்டும். எச்சமாக உள்ள ஹெப்பாரின் பாலிமரேஸ் நொதிகளைத் தடுத்து பி.சி.ஆர். சோதனையைக் கெடுத்துவிடும், அதுவும் ஹெப்பாரின் சேர்த்த மாதிரிகளில் மட்டும் கெடுப்பதால், மரபணு வெளிப்பாடு உண்மையிலேயே குறைந்ததுபோல் தோன்றும். பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.-வை லித்தியம் குளோரைடால் வீழ்படிவாக்கியோ, ஹெப்பரினேஸால் செரிக்கச் செய்தோ தூய்மைப்படுத்திய பிறகு, தெரிந்த அளவில் வெளி ஆர்.என்.ஏ. ஒன்றைச் சேர்த்து, அது எல்லா மாதிரிகளிலும் ஒரே சுழற்சி எண்ணில் எழுகிறதா என்று பார்த்துவிட்டே மற்ற மரபணுக்களுக்குப் போக வேண்டும்.